செக்ரடேரியட்டின் கடைசி வீடு: கிளைபோர்ன் பண்ணைச் சுற்றுலா

அமெரிக்காவின் கென்டக்கியில் லெக்சிங்டன் பக்கம் போகிறவர்கள், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் இருக்கும் கிளைபோர்ன் குதிரைப் பண்ணையை விட்டுவிடாதீர்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், பண்ணை ஆள் ஒருவரே கூட வந்து எல்லாவற்றையும் காட்டுகிறார். நடை குறைவு, கேட்க வேண்டியது நிறைய.

பெரும்பாலானவர்கள் வருவது செக்ரடேரியட்டுக்காகத்தான். 1973-இல் அமெரிக்காவின் பெரிய பந்தயங்களான டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றையும் வென்ற குதிரை. அதற்கு முன் 25 வருடங்களாக யாருக்கும் கிடைக்காத மும்முடி அது. பெல்மான்டில் 31 குதிரை நீள வித்தியாசம், 2 நிமிடம் 24 வினாடி, மண் தடத்தில் ஒன்றரை மைலுக்கு அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிட டெர்பி ஓட்டம்தான் பெரிது: ஒன்றேகால் மைலைக் கால் மைல்களாகப் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொரு பகுதியையும் முந்தையதைவிட வேகமாக ஓடியிருக்கிறது, அதாவது மற்ற குதிரைகளுக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் இதற்கு வேகம் கூடுகிறது!

அந்த மூன்று பந்தயங்களுக்கு முன்பே பொலிகுதிரையாக அதன் விலை பேசி முடிந்துவிட்டது. ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு ஒரு பெண் குதிரையை அதனுடன் இணை சேர்க்கும் உரிமை. பங்கு 1,90,000 டாலர், மொத்தம் 32 பங்குகள், 60.8 லட்சம் டாலர். அதை முடித்த, இந்தப் பண்ணையை நடத்திய சேத் ஹான்காக்குக்கு அப்போது வயது 23தான். பந்தயங்கள் முடிந்ததும் இங்கே வந்த செக்ரடேரியட், தகப்பன் போல்டு ரூலர் இருந்த அதே லாயத்தில் வாழ்ந்தது.

இந்தக் குதிரை ஓட்டத்தில் ராஜா, இனவிருத்தியில் தோல்வி என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சுத்தமாக உடன்பாடு இல்லை. தன்னைப் போல ஒரு மகனைத் தரவில்லை, சரி. ஆனால் 1986-இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரையான லேடீஸ் சீக்ரெட் அதன் மகள், 1988-இல் ப்ரீக்னெஸ், பெல்மான்ட் இரண்டையும் வென்ற ரைசன் ஸ்டார் அதன் மகன். அப்புறம் மகள்களின் பிள்ளைகளைப் பாருங்கள்: ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட். மூன்றுமே பெரிய வம்சங்களை உருவாக்கிய பொலிகுதிரைகள், மூன்றுக்கும் தாய்வழித் தாத்தா செக்ரடேரியட்தான். இதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

இணை சேர்க்கும் கொட்டகையையும் காட்டுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமே இல்லை, ஒவ்வொரு குட்டியும் நேரடிச் சேர்க்கையில் பிறந்திருந்தால்தான் பதிவு உண்டு, அதனால்தான் ஒரு பங்குக்கு அவ்வளவு விலை என்பது அங்கே நின்றால் தெளிவாகப் புரிகிறது.

1989 அக்டோபரில் குளம்பு நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட செக்ரடேரியட்டை முழு உடலாகவே இங்கே புதைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பந்தயக் குதிரைகளுக்குத் தலை, இதயம், குளம்புகளை மட்டும் புதைப்பதே வழக்கம்.

குதிரைச் சவாரி எதுவும் கிடையாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று: அந்தக் கொட்டகையில் எல்லாவற்றையும் வெளிப்படையாகத்தான் பேசுவார்கள், கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள்.