யுபிஎஃப் 50+ ஃபினிஷ் பண்ணித் தர்றோம்னு வந்தா ரிப்போர்ட்ட நல்லா படிச்சுப் பாருங்க

திருப்பூர்ல சின்ன ஆர்டர் எடுத்து ஜாப் ஒர்க்ல ஓட்டறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. யுவி ப்ரொடக்ஷன் ஃபினிஷ்னு, அதாவது வெயில்ல இருக்க யுவி கதிர தடுக்க துணில கெமிக்கல் ஏத்தறதுக்கு, கிலோவுக்கு தனி ரேட் வாங்கிட்டு, துவைச்சா போயிடற சரக்க குடுத்து என்னை ஏமாத்திட்டாங்க. யூனிட் பேர் போடல, ஆனா நடந்தத சொல்லிடறேன்.

ஆர்டர் ஆஸ்திரேலியாவுக்கு. குழந்தைங்க போடற ஃபுல் ஸ்லீவ் டீ-ஷர்ட், ஆஃப் ஒயிட், 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 140 கிராம்) காட்டன் சிங்கிள் ஜெர்சி, டீ-ஷர்ட்டுக்கு போடற லேசான பின்னல் துணி. இந்த மாதிரி லேசான வெள்ளை காட்டன்ல சும்மா பாத்தா யுபிஎஃப் (துணி யுவிய எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற நம்பர்) 5, 7 தான் வரும், அதாவது மேல விழற யுவில அஞ்சுல ஒரு பங்கு, ஏழுல ஒரு பங்கு உள்ள எறங்கிரும். டேக்ல 50+ போடணும்னா 2 சதவீதத்துக்கு மேல எறங்கக்கூடாது. அடர் கலர், நெருக்கமான நெசவு, பாலியஸ்டர் இதுக்கெல்லாம் ஃபினிஷ் இல்லாமலே நல்ல நம்பர் வந்துரும், நம்ம துணிக்கு யுவி அப்சார்பர், அதாவது யுவிய உறிஞ்சற கெமிக்கல், ஏத்தியே ஆகணும்.

யூனிட் ஓனர் மேசைல ஒரு 500 ரூபா நோட்ட வெச்சு, கள்ள நோட்டு பாக்கற டார்ச் அடிச்சு காட்டினார், நோட்டுல இருக்க இழையெல்லாம் மின்னுச்சு, அப்புறம் அவங்க ஃபினிஷ் பண்ண ஒரு பிட்ட மேல போட்டு அடிச்சார், ஒண்ணும் மின்னல. "பாருங்கக்கா, ஒரு துளி கூட உள்ள போகல, ரிப்போர்ட்டும் இருக்குதுங்க, எதுக்கு பயப்படறீங்க"ன்னார். அந்த டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் அடிக்கறது, தோல பொசுக்கற யுவிபி 280ல இருந்து 315 வரைக்கும். அந்த பிட்டும் நல்ல தடி துணி. இத வெச்சு யுபிஎஃப் சொல்லவே முடியாது, அதுக்கு ஒவ்வொரு அலைநீளத்துலயும் எவ்வளவு உள்ள போகுதுன்னு அளக்கற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் தான் வேணும்.

துணி வந்ததும் கைல எடுத்தா மாவு மாதிரி ஒட்டுச்சு. வீட்ல ஒரு துண்ட வெட்டி பக்கெட்ல அலசினேன், தண்ணி வெள்ளையா கலங்கிருச்சு. யுவிய தடுக்கற ஜிங்க் ஆக்சைட் பவுடர, துணில பிடிச்சு ஒட்டற பைண்டர் சரியா இல்லாம பேட் பண்ணி (கரைசல்ல முக்கி ரோலர்ல பிழிஞ்சு), துணி காய வெக்கற ஸ்டென்டர் மெஷின்ல காய மட்டும் வெச்சு, பைண்டர் இறுகற அளவுக்கு சூடு ஏத்தி க்யூர் பண்ணாம குடுத்திருக்காங்கன்னு எங்க ஃபேப்ரிக் பாக்கற அண்ணன் துணிய தொட்டதுமே சொல்லிட்டார். லேப்ல குடுத்தேன், யுபிஎஃப் துவைக்காத பிட்டுக்கு 30க்கு மேல, துவைச்சதுக்கு 10 கூட வரல.

அவங்க குடுத்த ரிப்போர்ட்ட அப்புறம் உக்காந்து வரி வரியா பாத்தா, டெஸ்ட் பண்ண சாம்பிள் நேவி ப்ளூ, பாலியஸ்டர், 220 ஜிஎஸ்எம். என் துணிக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? இன்னொண்ணு, ஆஸ்திரேலியா ஸ்டாண்டர்ட்ல துணிய புதுசா, காய்ஞ்ச நிலைல, இழுக்காம தான் டெஸ்ட் பண்ணுவாங்க, அதனால பாஸ்னு வந்த ரிப்போர்ட்ட காட்டியும் துவைச்சா போற ஃபினிஷ தள்ளி விட்டுரலாம். அமெரிக்கா முறைல 40 வாஷ், செயற்கை வெயில் எல்லாம் குடுத்துட்டு தான் டெஸ்ட்டே. பையருக்கு எது வேணுமோ இருக்கட்டும், நீங்க உங்க லாட்ல இருந்தே பிட்டு வெட்டி, துவைச்சதும் துவைக்காததும் ரெண்டையும் லேப்ல குடுங்க, பில்லு அதுக்கப்புறம் செட்டில் பண்ணுங்க. துணியோட அனுப்பற டெலிவரி சலான்லயும் (டிசி) இத்தன வாஷ் தாங்கணும்னு எழுதி வாங்கிக்கோங்க.

எனக்கு ஆத்திரம் காசுக்காக மட்டும் இல்ல. 50+னு போட்ட டேக்க நம்பி ஒரு அம்மா குழந்தைய பீச் வெயில்ல மணிக்கணக்கா விளையாட விடுவாங்க. அதான் அந்த லாட்ட அனுப்பல, பையர்கிட்ட உண்மைய சொல்லி டைம் வாங்கி, அடுத்த லாட்டுக்கு சாயத்தோட சேத்து காட்டன்ல ரியாக்ட் ஆகி ஒட்டற அப்சார்பர் போடறோம். பழைய துணி டேக் இல்லாம சாதா டீ-ஷர்ட்டா லோக்கல்ல போகுது. யூனிட்காரர் "வாஷ் கேரண்டி நாங்க சொல்லவே இல்லியே"ன்னு பணம் தர மாட்டேங்கறார், அதே நேவி ப்ளூ ரிப்போர்ட்ட இன்னும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு தான் இருக்கார். உங்களுக்கும் வந்திருந்தா கீழ சொல்லுங்க.