ஐந்து வெள்ளிக்குள் மதியச் சாப்பாடு: சைனாடவுனில் எந்தக் கூரைக்குக் கீழே?

மதிய இடைவேளை ஒரு மணி நேரம். போக வர நடை கழிந்தால் மிஞ்சுவது நாற்பத்தைந்து நிமிடம். சாப்பாட்டுக்கென்று நான் ஒதுக்கியிருப்பது ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலர்; காப்பியும் சேர்த்தால் ஆறரை. சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கோடுதான் பன்னிரண்டரை மணிக்கு மின்தூக்கியில் இறங்குகிறார்கள்.

இறங்கியதும் நான்கு வழிகள். ஸ்மித் ஸ்ட்ரீட்டில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் தளம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலைத் தாண்டித் தெற்கே நடந்தால் வரும் மேக்ஸ்வெல். அகலமான இரண்டு சாலைகளைக் கடந்து அந்தப் பக்கம் போனால் பீப்பிள்ஸ் பார்க். இவை மூன்றும் உணவங்காடி நிலையங்கள், அதாவது ஒரே கூரைக்குக் கீழே பல சிறு சாப்பாட்டுக்கடைகள் இருக்கும் இடங்கள். நான்காவது, கடைத்தொகுதிகளுக்குள் இருக்கும் குளிரூட்டிய உணவுக்கூடம். நான்கிலும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். எங்கே ருசி அதிகம் என்பது இங்கே கேள்வி அல்ல. கையில் இருக்கும் காசுக்கும் நேரத்துக்கும் எங்கே வயிறு நிறைகிறது என்பதுதான் கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். ஆனால் முதல் நாள் போகிறவருக்கு அது அப்படித் தெரியாது.

இருநூறு கடைகளில் வழி தவறுவது

சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் 1980களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம். அதுவரை சுற்றுவட்டாரத் தெருக்களில் வண்டி போட்டு விற்றுக்கொண்டிருந்தவர்களை மொத்தமாக உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அடித்தளத்தில் மீனும் இறைச்சியும் காயும் விற்கும் ஈரச்சந்தை, அதற்கு மேல் துணியும் தட்டுமுட்டுச் சாமானும், இரண்டாம் தளத்தில் சாப்பாடு. சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களிலேயே இதுதான் பெரியது. இருநூறுக்கு மேற்பட்ட கடைகள். பகுதிகளுக்கு வண்ணம் வைத்துப் பிரித்திருந்தாலும் முதல் நாள் சாப்பிட்ட கடையை மறுநாள் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதன்பிறகு கடை எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

இங்கே விலை ஏன் குறைவு? தெருவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முதல் தலைமுறைக் கடைக்காரர்களுக்கு மானிய வாடகை உண்டு. பின்னால் வந்தவர்கள் ஏலப்புள்ளி கொடுத்து எடுத்தவர்கள். ஆகவே ஒரே வரிசையில், ஒரே மாதிரிக் கோழிச்சோறு விற்கும் இரண்டு கடைகளுக்குள் ஒரு வெள்ளி வித்தியாசம் இருந்தால் அதற்கு வாடகையும் ஒரு காரணம் என்பது என் ஊகம். இதிலிருந்து நானே வகுத்துக்கொண்ட விதி: பெயர்ப்பலகையின் வயதைப் பார். எழுத்து மங்கி, உள்ளே எழுபதைத் தொட்ட ஒருவர் நின்றுகொண்டு, ரொக்கம் மட்டும் வாங்குகிறார் என்றால் மூன்றரை வெள்ளிக்குள் தட்டு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு மணிக்கு மேல் போனால் கிடைக்காது. அவர் துடைத்து மூடிவிட்டுப் போயிருப்பார்.

சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லான் நட்சத்திரத்தை வாங்கிய கடையும் இந்தத் தளத்தில்தான் இருந்தது. 2016இல் சிங்கப்பூருக்கென்று முதல் மிஷ்லான் கையேடு வந்தபோது, சோயா சாறில் வேகவைத்த கோழியும் சோறும் இரண்டு வெள்ளிக்கு விற்றுக்கொண்டிருந்த லியாவ் ஃபான் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். உலகத்திலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று செய்திகள் பறந்தன. கடை கிளைகளாகப் பெருகியது. 2021இல் நட்சத்திரம் போனது. அந்த ஆண்டுகளில் வரிசையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் யாரும் பத்தடி தள்ளி இருந்த கடைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் நல்லதாகவே போயிற்று.

கரியடுப்பில் மண்சட்டிச் சோறு போடும் லியன் ஹே பென் ஜியும் இங்கே உண்டு. ஆனால் அது மாலை நேர வேலை. சொல்லிவிட்டு அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். மதியக் கணக்கில் சேர்க்க முடியாது.

விரல் நீட்டிச் சாப்பிடுவது

ஐந்து வெள்ளிக்காரனின் உண்மையான நண்பன் கோழிச்சோறு அல்ல, 'சாய் ஃபான்' என்கிற கலப்புச்சோறு. கண்ணாடிக்குப் பின்னால் இருபது எவர்சில்வர் தட்டுகள். உருளைக்கிழங்கு, புடலங்காய், கத்தரிக்காய், முட்டையில் தக்காளி, சோயாக்கட்டி, இனிப்பும் புளிப்புமாகப் பன்றி இறைச்சி. சோற்றுத் தட்டை ஏந்தியபடி ஆன்ட்டி நிற்பார். நாம் விரலை நீட்ட வேண்டும். இரண்டு காயும் ஒரு கறியும் என்றால் காம்ப்ளெக்ஸில் நான்கு வெள்ளிக்குக் கீழே முடியும். மேக்ஸ்வெல்லில் அரை வெள்ளி கூட. உணவுக்கூடத்தில் ஐந்தரைக்கு மேல்.

பெரும்பாலான கடைகளில் தட்டுகளுக்கு விலைச்சீட்டு இருப்பதில்லை. ஆன்ட்டி தட்டை ஒரு பார்வை பார்த்து மனக்கணக்கில் தொகையைச் சொல்வார். அந்தப் பார்வையில் மீன் பட்டால் கதை முடிந்தது. குளிரூட்டிய உணவுக்கூடம் ஒன்றில், வறுத்த மீன் ஒரு துண்டு என்று நினைத்து விரலை நீட்டினேன். தட்டில் வந்து விழுந்தது பாதி மீன். எட்டு வெள்ளி அறுபது காசு. பின்னால் ஒன்பது பேர் நிற்க, பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். மீன், இறால், கணவாய் மூன்றையும் விலை கேட்காமல் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். சோற்றின் மேல் குழம்பை ஊற்றச் சொன்னால் காசு இல்லை. கூடுதல் சோற்றுக்குப் பெரும்பாலும் ஐம்பது காசு. நம் ஊர்ச் சாப்பாட்டுக்கடைபோல இலையில் மறுசோறு கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மேக்ஸ்வெல்: பெயருக்குக் கொடுக்கும் காசு

மேக்ஸ்வெல்லில் பெயர்பெற்ற தியான் தியான் கடையின் கோழிச்சோறு நன்றாக இருக்கிறது. இதில் எனக்கு வாதம் இல்லை. கோழியைக் கொதிநீரில் மெதுவாக வேகவைத்து உடனே குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பதால் தோலுக்கும் சதைக்கும் இடையே கூழ்போல ஒரு வழவழப்பு. சோறு கோழிக்கொழுப்பிலும் இஞ்சி பூண்டிலும் வதங்கி, கோழிச்சாறிலேயே வெந்தது. கறியை எடுத்துவிட்டு வெறும் சோற்றையே சாப்பிடலாம். ஆனால் பன்னிரண்டரை மணிக்கு வரிசையில் நின்றால் இருபத்தைந்து நிமிடம் போகும். கையில் தட்டு வரும்போது என்னிடம் மிச்சமிருப்பது இருபது நிமிடம். உட்கார இடம் தேட அதில் ஐந்து.

இடம் பற்றி ஒரு வார்த்தை. காலி மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது குப்பை அல்ல, அது ஒருவருடைய இடம். சட்டம் ஏதும் இல்லை, ஆனால் எவரும் மீறுவதில்லை. தனியாகப் போகிறவர் பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைத் தவிர்க்க வழி உண்டு. சில கடைகள் தள்ளி ஆ தாய் என்று ஒரு கடை. முன்பு தியான் தியானில் சமைத்தவர் தொடங்கியது. வரிசை குறைவு, தட்டில் வித்தியாசம் கண்டுபிடிக்க நாக்கு மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். ஆனாலும் மேக்ஸ்வெல்லில் எந்தத் தட்டுமே ஐந்து வெள்ளியை உரசிக்கொண்டுதான் நிற்கிறது. 2022 நவம்பரில் வாசலிலேயே மேக்ஸ்வெல் ரயில் நிலையம் திறந்தபிறகு கூட்டம் இன்னும் கூடியது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துப்போக மேக்ஸ்வெல்தான் சரி. வாரம் ஐந்து நாள் சாப்பிட அல்ல.

பீப்பிள்ஸ் பார்க்: தராசில் ஏறும் ஏமாற்றம்

சீனாவிலிருந்து அண்மைக்காலத்தில் வந்து குடியேறியவர்கள் அதிகம் கூடும் இடம் இது. கூட்டத்தை இழுப்பது மாலா. வேண்டிய காய், இறைச்சி, காளான், நூடுல்ஸ் எல்லாவற்றையும் நாமே இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் எடை போட்டு, மிளகாயும் சிச்சுவான் மிளகும் சேர்த்துப் பெரிய சட்டியில் வதக்கிக் கொடுப்பார்கள். நம் மிளகாய்க்குப் பழகிய நாக்கு இதற்குத் தயாராக இருக்காது. இது எரிக்கும் காரம் அல்ல, உதட்டை மரத்துப்போக வைக்கும் காரம். 'சியாவ் லா' என்று சொன்னால் குறைந்த காரம். அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

நூறு கிராமுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும் எண் சின்னதாகத்தான் தெரியும். அதுதான் பொறி. கீரை எடையில்லாதது என்று அள்ளிப் போடுவோம், கழுவிய ஈரத்தோடு அது கனக்கும். தாமரைக்கிழங்கு நான்கு வட்டம், உருளை மூன்று வட்டம், காளான் ஒரு பிடி என்று தராசுக்குப் போகும்போது பத்து வெள்ளியைத் தாண்டியிருக்கும். தனியாளுக்கு இது மலிவே அல்ல. மூன்று பேர் சேர்ந்து ஒரு கிண்ணம், தனித்தனியே சோறு என்று வைத்துக்கொண்டால் மட்டும் ஆளுக்கு ஐந்து வெள்ளியில் அடங்கும். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் போகிறோம்.

குளிரூட்டிய உணவுக்கூடங்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தட்டுக்கு ஒன்றரை வெள்ளி கூடுதல், பானம் இரண்டு வெள்ளிக்கு மேல். மழை கொட்டும் நாளிலும், சாப்பிட்டபின் அலுவலகக் கூட்டத்துக்குப் போக வேண்டிய, சட்டை நனையக்கூடாத நாளிலும் அந்தக் காசு நியாயம்.

சைவக்காரர்களுக்கு

'சீனச் சாப்பாட்டுக்கடையில் எனக்கு என்ன கிடைக்கும்' என்று ஒதுங்கும் நம்மவர்களுக்குத்தான் உண்மையில் காம்ப்ளெக்ஸில் மலிவான சாப்பாடு இருக்கிறது. 素 என்ற எழுத்தை மட்டும் கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள். 'சூ' என்று உச்சரிப்பு, சைவம் என்று பொருள். அந்தக் கடையில் 'பீ ஹூன்' கேட்டால் இடியாப்பத்தை உதிர்த்துத் தாளித்ததுபோல அரிசிச் சேமியா, மேலே வதக்கிய முட்டைக்கோஸ், மொறுமொறுவென்று பொரித்த சோயாத்தோல், சிவப்புச் சாயத்தோடு கோதுமைப் புரதத்தில் செய்த போலி இறைச்சி. மூன்றரை வெள்ளி. அந்தச் சிவப்பைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

பௌத்த முறையில் நடத்தும் கடைகள் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. விரதம் இருக்கிறவர்களுக்கு இது நம் கடைகளிலேயே எளிதில் கிடைக்காத வசதி. சில கடைகளில் முட்டை உண்டு. 'பு யாவ் தான்' என்றால் முட்டை வேண்டாம். இன்னொன்று: சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம். அதாவது ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும். அந்த இரண்டு நாளும் சைவக்கடை வாசலில் கோழிச்சோற்றுக் கடையை மிஞ்சும் வரிசை. வீட்டு நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போனால் தப்பிக்கலாம்.

ஆனால் பெயரை நம்பி வாங்காதீர்கள். திருச்சியிலிருந்து புதிதாக வந்த நண்பர் 'கேரட் கேக்' என்ற பலகையைப் பார்த்து இனிப்பு என்று வாங்கிவிட்டார். வந்தது வெள்ளை முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்து, துண்டுபோட்டு, முட்டையோடு கல்லில் பொரித்தது. கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. அவர் முட்டை சாப்பிடுபவர் என்பதால் நட்பு பிழைத்தது.

'லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய்விட்டால் என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. வடகிழக்கு ரயிலில் மூன்றே நிறுத்தம்தான். போக வர இரண்டு வெள்ளிக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு வெள்ளியை இங்கேயே தட்டில் போட்டுக்கொள்ளலாம்.

உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். மறந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், அது ஒரு மாதச் சாப்பாட்டைத் தின்றுவிடும். எழும்போது டிஷ்யூ பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் அதுதான் இடம் பிடிக்க வேண்டும்.

என் கணக்கு தலைகீழாவது திங்கட்கிழமை மட்டும். காம்ப்ளெக்ஸில் பல கதவுகள் இறங்கியிருக்கும், தியான் தியானுக்கும் அன்றுதான் விடுமுறை, திறந்திருக்கும் கடைகளில் வரிசை இரண்டு மடங்கு. அன்று வீட்டிலிருந்து தயிர்ச்சோறு எடுத்துப்போகிறேன். சும்மா மேசையைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூச்சமாக இருப்பதால் முதலில் பானக்கடையில் ஒரு 'காப்பி ஓ கோசோங்' வாங்கிவிடுவேன். பாலும் இல்லை, சீனியும் இல்லை, ஒரு வெள்ளி முப்பது காசு.