கண் ஆஸ்பத்திரி ஜெனடிக் கிளினிக்: கவுன்சிலிங்குக்கு ஃபுல் மார்க், ரிப்போர்ட்டுக்கு இல்ல

அக்கா பையனுக்காக ஒரு கண் ஆஸ்பத்திரியோட ஜெனடிக் கிளினிக்குக்குப் போனோம், யாருக்காவது யூஸ் ஆகும்னு எழுதறேன். பையனுக்கு அனிரிடியா, அதாவது கண்ணுல கலரா ஒரு வளையம் இருக்குமே ஐரிஸ், அது கிட்டத்தட்ட இல்லாமலே பொறந்திருக்கான், கண்ணு முழுக் கறுப்பா தெரியும், வாசலுக்குத் தூக்கிட்டு வந்தாலே வெயில் தாங்காம அக்கா தோள்ல முகத்த புதைச்சுக்குவான்.

கவுன்சிலர் மேடம் மொதல்ல ஒரு பேப்பர எடுத்து ஆம்பளைக்கு கட்டம் பொம்பளைக்கு வட்டம்னு எங்க வம்சத்தையே வரைஞ்சாங்க. "சொந்தத்துல கட்டினீங்களாம்மா?"ன்னதும் அக்காவுக்கு கண்ணு கலங்கிடுச்சு, மாமா பையனதான் கட்டியிருக்கா, ஊரே அதத்தான் சொல்லுது, பாட்டி வேற கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியேன்னு ஆரம்பிச்சிருவாங்க. மேடம் நிதானமா சொன்னாங்க, சொந்தத்துல கட்டினா கூடற நோயெல்லாம் ஜீனோட ரெண்டு காப்பியும் கெட்டாதான் வரும், இது பாக்ஸ்6ங்கற ஜீன்ல ஒரே ஒரு காப்பி போனாலே வந்துரும், அதனால இதுக்கும் உங்க கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லம்மான்னு. இந்த ஒரு வார்த்தைக்கே குடுத்த ஃபீஸ் தகும்.

(அந்த பாக்ஸ்6 லேசுப்பட்ட ஜீன் இல்லங்க. 1995ல சுவிட்சர்லாந்துல வால்ட்டர் கெரிங் டீம் பழ ஈயோட ரெக்கையிலயும் கால்லயும் அதே ஜீன வேலை செய்ய வச்சு அங்கயே கண்ணு மொளைக்க வச்சிருக்காங்க, எலியோட ஜீன போட்டாலும் மொளைச்சுது, ஆனா ஈ கண்ணுதான்!)

இதுக்கு முன்னாடி வேற ஒரு லேப்ல பெரிய பேனல் டெஸ்ட் (நெறைய ஜீன ஒண்ணா பாக்கறது) எடுத்து 'எதுவும் இல்ல'ன்னு குடுத்திருந்தாங்க. மேடம் பாத்துட்டு, இது ஜீன்ல எழுத்துப் பிழை மட்டும் பாக்கற டெஸ்ட், பக்கமே கிழிஞ்சு போயிருந்தா இதுல மாட்டாமப் போகலாம்னு, துண்டு காணாமப் போயிருக்கான்னு பாக்கற எம்எல்பிஏங்கற டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. அதுலதான் மாட்டுச்சு, பாக்ஸ்6 இருக்கற 11வது குரோமோசோம்ல ஒரு துண்டே காணோம். எங்களுக்கு பெரிய பயம் பக்கத்துல இருக்கற டபிள்யூடி1 ஜீனும் சேந்து போயிருக்குமோன்னுதான், அது போனா கிட்னில வில்ம்ஸ்ங்கற புற்றுநோய்க் கட்டி வர சான்ஸ் ரொம்ப அதிகம், ரிசல்ட் வர்ற வரைக்கும் 3 மாசத்துக்கு ஒரு தடவ வயித்து ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க. நல்லவேளை அது தப்பிச்சிருச்சு, ஸ்கேனும் நின்னுச்சு.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ரத்தத்துல ஒண்ணும் இல்ல, இவனுக்குதான் புதுசா வந்திருக்கு. அடுத்த குழந்தைக்கு வர சான்ஸ் ரொம்ப கம்மி, ஆனா சைபர்னு சொல்ல மாட்டேன், கருமுட்டை விந்தணுல மட்டும் ஒளிஞ்சிருந்தா ரத்தத்துல தெரியாதுன்னாங்க. இவனோட பிள்ளைங்களுக்கு 50 பர்சன்ட்.

கொறைன்னா, சொன்ன தேதிக்கு ரிப்போர்ட் வரவே இல்ல, போன் பண்ணா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, வந்த ரிப்போர்ட்டும் முழுக்க இங்கிலீஷ், மேடம் இல்லாம ஒரு வரி புரியாது. ரிப்போர்ட் வந்தா பார்வை சரியாயிரும்னு நெனச்சு போகாதீங்க, அது வேற, கண் பிரஷர் செக்கப் எப்பவும் போல ஓடிட்டேதான் இருக்கும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். போறவங்க அப்பாவையும் கையோட கூட்டிட்டுப் போங்க, மூணு பேர் ரத்தமும் கேப்பாங்க, எந்த லேபா இருந்தாலும் காசு கட்டறதுக்கு முன்னாடி 'துண்டு காணாமப் போனா இதுல தெரியுமா'ன்னு கேட்டுட்டு கட்டுங்க.