பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்கா: தண்ணீர் மட்டம் பார்த்துப் போங்கள்

சென்னையில் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் இருக்கும் இந்தப் பூங்கா, வேர்க்க விறுவிறுக்க நடக்க வருகிறவர்களுக்கானது அல்ல. பறவை பார்க்க வருகிறவர்களுக்கோ நகரத்துக்குள் இப்படி இன்னோர் இடம் கிடைப்பது அரிது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்ட, 1,247 ஹெக்டேருக்கும் அதிகமான பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓர் ஓரம்தான் இது. நடைபாதை கரையோடு நின்றுவிடும். அதுவே சரி; உள்ளே கால் வைத்தால் கூடுகள்தான் நாசமாகும்.

எந்த மாதம் போவது என்பதைவிடத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதே முக்கியம். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல வடிகிறது. பெருமழை பெய்த வாரத்தில் நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, கூழைக்கடா என்று நீந்துகிறவைதான் தெரியும். சேற்றைக் கிளறி இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களின் அலகு சேற்றைத் தொட வேண்டும். ஆழம் கூடினால் அவை வேறு இடம் தேடிப் போய்விடும். மழை ஓய்ந்து, கோரையின் அடியில் ஈரச்சேறு பட்டையாகத் தெரியத் தொடங்கியதும் போங்கள். பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி. பூநாரைகளைப் பார்க்கவும் அப்போதுதான் வாய்ப்பு அதிகம். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல, இளம் பூநாரைகள்.

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். பத்து மடங்கு காட்டும் 10x கொண்டுபோனால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குமேல் வெயிலில் காற்று அலையடித்து, தொலைவில் இருப்பதெல்லாம் மங்கிவிடும். சதுப்பில் நிழலும் இல்லை. சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்றால்தான் நிறம் தெரியும்; எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு.

குறையும் உண்டு. சாலை இரைச்சலில் குரலை வைத்துப் பறவையை அடையாளம் காண்பது கஷ்டம். வாடைக்காற்று வீசும் நாளில் பெருங்குடி குப்பைமேட்டின் நாற்றமும் வரும். இந்தச் சதுப்பைத் தின்று வளர்ந்த மேடு அது, பார்க்கவே வயிறு எரிகிறது.

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது நீளவால் இலைக்கோழியை. குளிர்காலத்தில் அதற்கு அந்த நீண்ட வால் இருக்காது. மிதக்கும் இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடப்பதையும், பறக்கும்போது பளிச்சிடும் வெள்ளை இறக்கையையும் வைத்துத் தேடுங்கள்.