வீட்டுத் தொலைபேசியில் குரல் அறுபடுவது ஏன்? மூன்று வழிகளை வைத்து ஓர் அலசல்

திருநகரில் அம்மா இருக்கும் வீட்டில் செப்புக் கம்பி இணைப்பு இருந்தவரை, மின்சாரம் போனாலும் தொலைபேசி ஓய்ந்ததில்லை. கருவிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்னழுத்தம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடியிழைக்கு மாறிய பிறகும் அதே 0452 எண்தான், அதே கருவிதான். ஆனால் எந்த நேரத்தில் அழைத்தாலும் "என்னப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரியே இருக்கு" என்று அம்மா சொல்லத் தொடங்கினார். நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு முன், அந்த ஒரே இணைப்பில் பேசக்கூடிய மூன்று வழிகளையும், அதாவது மோடத்தில் செருகிய கம்பித் தொலைபேசி, கைபேசியின் வைஃபை அழைப்பு, வாட்ஸ்அப் ஆகியவற்றை, சில வாரங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன்.

குரலுக்கு இணைய வேகம் பெரிதாகத் தேவையில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். தரைவழித் தொலைபேசிகளில் பரவலாக உள்ள, குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். முகவரி போன்ற உறைத் தகவல்களைச் சேர்த்தாலும் ஒரு திசைக்கு 100 கிலோபிட்டைத் தாண்டாது. ஆகவே 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கச் சொல்லும் ஆலோசனை பணத்துக்குத்தான் கேடு. குரலுக்கு வேண்டியது சீரான வரத்து. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

மோடத்தின் தொலைபேசித் துளையில் செருகிய கருவிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் குரலுக்குத் தனிப் பாதையும் முன்னுரிமையும் தருகின்றன, நடுவில் வைஃபையும் கிடையாது. அப்படிப்பட்ட கருவியிலேயே குரல் அறுபட்டால், சந்தேகப்பட வேண்டியது வீட்டுக்குள் வரும் ஒளியைத்தான். எங்கள் வீட்டில் நடந்தது அதுவே. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவு கழித்தல் 29 டிபிஎம் என்று காட்டியது (டிபிஎம் என்பது ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு, கழித்தல் எண் பெரிதானால் ஒளி மங்கல் என்று பொருள்); கழித்தல் 27-க்குக் கீழே இறங்கினாலே நம்ப முடியாது. பீரோவை நகர்த்திப் பார்த்தால், மெல்லிய மஞ்சள் இழை சுவரோடு நசுங்கிக் கூர்மையாக மடிந்து கிடந்தது. லைன்மேன் வந்து அந்தத் துண்டை மாற்றியதும் அளவு கழித்தல் 21-க்கு வந்தது. கிணற்றுக் குரலும் போயிற்று. ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் பழுது என்று எண்ணி நாங்கள் பல வாரங்களை வீணாக்கியிருந்தோம்.

வைஃபை அழைப்பின் கதை வேறு. 2020-க்குப் பின் இங்கே பரவலான இந்த வசதியில் கைபேசி எண்ணே வீட்டு இணையத்தின் வழி பேசுகிறது. சிக்னல் நுழையாத தடித்த சுவர் வீடுகளுக்கு இது பெரிய வரம். ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் குரல் உடைந்தது, கம்பித் தொலைபேசியோ அதே நேரத்தில் தெளிவாக இருந்தது. ஆகவே வெளி இணைப்பில் குறையில்லை என்று தெரிந்தது. தம்பி வேலை முடிந்து வந்ததும் அவன் கைபேசி அன்றைய படங்களை எல்லாம் மேலேற்றும். வாசல் கேமராவும் காணொளியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து மேலேற்றப் பாதையை அடைத்துவிட, குரல் வரிசையில் காத்து நின்றது. படங்கள் நள்ளிரவில் ஏறும்படி மாற்றியதும் கூடத்தில் சரியானது. பின்கட்டு அறையில் மட்டும் சரியாகவில்லை. அங்கிருந்து 192.168.1.1 என்னும் மோடத்தின் முகவரிக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால், 3 மில்லிநொடியில் வர வேண்டிய பதில் சில வேளை 200-ஐத் தொட்டது. இணையத்தைத் தொடும் முன்பே தாமதம் என்றால், குறை வைஃபையில்தான். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு தடித்த சுவர் தாண்டத் திணறும், 2.4 தாண்டும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படாத 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களை அக்கம்பக்கத்து மோடங்கள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன.

வாட்ஸ்அப் மோசமான இணைப்புக்கு ஏற்ப ஒலித்தரத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறது, வெளிநாட்டு அழைப்புக்கும் தனிக் கட்டணமில்லை. ஆயினும் 108-ஐயோ 112-ஐயோ அதில் அழைக்க முடியாது என்பதால், முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் அதை மட்டும் நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

மின்தடை மூன்றையும் ஒன்றுபோல் பாதிக்கும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மின்சாரம் காலையில் போனால் மாலைதான் வரும். மோடத்தின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுக்குப் பொருந்தும் சிறிய யுபிஎஸ் ஒன்று இல்லாமல் இந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் கணத்தில் சில மோடங்கள் அணைந்து எழுவதால் அழைப்பு அறுந்துவிடுகிறது.

அம்மாவுக்கு என் தேர்வு கம்பித் தொலைபேசிதான். 2021 ஜனவரி 15 முதல் தரைவழியிலிருந்து கைபேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டியிருப்பதால், அவருக்கு வேண்டிய எண்களை எல்லாம் 0 சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கருவிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பின்கட்டு அறைக்கு லேன் கம்பி இழுத்து இரண்டாவது வைஃபை கருவி வைக்க ஆள் சொல்லியிருக்கிறது.