"டேட்டா போச்சு" என்று பணம் கேட்டால் முதலில் எரர் நம்பரைக் கேளுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சொந்தமாக வெப்சைட் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சந்தூர், போச்சம்பள்ளித் தோட்டங்களில் மாம்பழம் வாங்கி வெளியூர்களுக்குப் பார்சல் அனுப்புகிறேன். ஆர்டர் எல்லாம் சைட் வழியாகத்தான். மே மாதம், சீசன் சூடாக இருக்கும்போது சைட் நின்றுவிட்டது.

பராமரிப்புக்கு வருடாவருடம் பணம் வாங்கும் ஆளைக் கூப்பிட்டேன். "டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சு சார். ரிகவரிக்கு 18,000 ஆகும், பாதி அட்வான்ஸ் போடுங்க" என்றார். முன்பணம் கட்டியவர்களின் விவரம் முழுக்க அதில்தான் இருந்தது. 9,000 அனுப்பினேன். அதன்பிறகு போன் செய்தாலே "வேலை போய்க்கிட்டிருக்கு" என்ற ஒரே பதில்தான்.

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் வந்து, சைட்டில் வரும் பிழைகள் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தான். எரர் நம்பர் 1045, ஆக்சஸ் டினைட் (அனுமதி மறுப்பு) என்று இருந்தது. "மாமா, சர்வர் நல்லா ஓடுது. பாஸ்வேர்டு தப்புன்னுதான் உள்ளே விட மாட்டேங்குது" என்றான். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் இந்த எண்ணுக்கு அர்த்தமே அதுதான். சர்வரையே எட்ட முடியாவிட்டால் பெரும்பாலும் 2002 அல்லது 2003 வரும்.

நடந்தது இதுதான். அந்த ஆளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி, புதியதை, செட்டிங்ஸ் இருக்கும் 'டாட் என்வ்' (.env) ஃபைலில் எழுதியிருக்கிறார். எங்கள் சைட் லாராவெல் என்ற வெப்சைட் கட்டமைப்பில் ஓடுகிறது. அதில் செட்டிங்ஸை கேஷ் செய்து (நகலெடுத்துச் சேமித்து) வைத்திருந்தால் 'டாட் என்வ்' ஃபைலை அது படிக்கவே படிக்காது; கேஷில் கிடக்கும் பழைய பாஸ்வேர்டோடுதான் போய் நிற்கும். அந்த நகலை அழிக்கும் 'பிஎச்பி ஆர்டிசன் கான்ஃபிக் கிளியர்' என்ற ஒரே கட்டளையில் சைட் வந்துவிட்டது. ஒரு ஆர்டர்கூட தொலையவில்லை!

தவறு யாருக்கும் வரும். ஆனால் லாகில் அத்தனை தெளிவாக எழுதியிருப்பதைப் பார்க்காமலோ, பார்த்தும் சொல்லாமலோ, சீசன் நேரத்தில் பயமுறுத்திக் காசு பிடுங்கியதை மன்னிக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நான் ரிகவரி பண்ணதாலதான் சார் ஓடுது" என்கிறார்.

அதனால் யாராவது ரிகவரி என்று சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் லாக் ஃபைலின் கடைசி வரிகளை ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். 1045 என்றிருந்தால் பாஸ்வேர்டு எந்தெந்த ஃபைலில் இருக்கிறது, சைட் உண்மையில் எதைப் படிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சைட் வேர்ட்பிரஸ்ஸில் ஓடினால் பாஸ்வேர்டு இருப்பது 'டபிள்யூபி கான்ஃபிக்' ஃபைலில். ஹோஸ்டிங் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்கட்டும். என்னுடையது அவர் இமெயிலில் இருந்ததை மாற்றி வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

பணம் அனுப்பிய ரசீதையும் லாகையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.