உள் பேரிங்கைத் தொடாமலே நான்கு பேரிங்குக்குப் பணம் வாங்கிய பட்டறை: டிரெய்லர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

குமுளி, வண்டிப்பெரியாறு, கூடலூர், கம்பம் பகுதிகளில் ஜீப்புக்கோ பொலேரோவுக்கோ பின்னால் டிரெய்லர் மாட்டித் தொழில் செய்யும் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். சக்கர பேரிங் வேலைக்காக வண்டியைப் பட்டறையில் விட்டால், ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) முழுவதுமாக வெளியே இழுத்து, உள்பக்கத்துப் பேரிங்கை உங்கள் கண்ணுக்குக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். எங்களிடம் நான்கு புதிய பேரிங், இரண்டு ஆயில் சீல், கிரீஸ், கூலி என்று கணக்குப் போட்டு 9,400 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை, உள்பக்கத்துப் பேரிங்குகள் இரண்டையும் கழற்றக்கூட இல்லை. அதன் விளைவைக் குமுளி மலைப்பாதையின் இறக்கத்தில் நாங்கள் கண்டோம்.

எங்களுடையது சமையல் தொழில். தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று அழைக்கிற இடங்களுக்குச் சென்று சமைத்துக் கொடுக்கிறோம். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை செல்லும் குழுக்களுக்கு அன்னதானச் சமையலும் உண்டு. அண்டா, அடுப்பு, சிலிண்டர் ஆகியவற்றோடு இரண்டு பேர் படுத்து உறங்கும் பலகையும் வைத்துக் கட்டிய இரண்டு சக்கர டிரெய்லர் எங்களிடம் இருக்கிறது. ஆனி, ஆடி மழையில் வேலை குறைவாக இருக்கும் என்பதால் அந்த மாதங்களில் அது பெரும்பாலும் குமுளியில் எங்கள் வீட்டருகே ஈர மண்ணில்தான் நிற்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சபரிமலை மண்டல காலம் தொடங்கும் முன் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதிய கிரீஸ் வைப்பது எங்கள் வழக்கம். வழக்கமாகச் செய்து கொடுக்கும் மெக்கானிக் வெளியூர் சென்றிருந்ததால், இம்முறை கம்பம் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு பெரிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம்.

ஏமாற்று எங்கே நடந்தது என்பது விளங்க வேண்டுமானால், சக்கரத்தின் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அச்சின் முனையில் ஹப் சுழல்கிறது. அந்த ஹப்புக்குள் வெளிப்பக்கம் சிறியதாக ஒன்று, உள்பக்கம் பெரியதாக ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் எதிரெதிராக அமர்ந்திருக்கும். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகளைக் கொண்ட இந்த வகைப் பேரிங்குக்கு, குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நேராக மேலிருந்து அழுத்தும் பாரத்தை மட்டுமல்லாமல், வண்டி வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இது தாங்கும் என்பதே இதன் சிறப்பு. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த எங்கள் பாதையில் அந்தப் பக்கவாட்டு விசைதான் அதிகம். உள் பேரிங்குக்குப் பின்னால் ஓர் ஆயில் சீல் இருக்கும். கிரீஸ் பின்பக்கமாகக் கசிந்து பிரேக் ஷூவில் படாமலும், தண்ணீரும் மண்ணும் உள்ளே புகாமலும் காப்பது அதுதான். வெளிப் பேரிங்கை எடுக்க மூடியையும், நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னையும், நட்டையும் கழற்றினால் போதும். உள் பேரிங்கை எடுக்கவோ ஹப்பையும் டிரம்மையும் சேர்த்து வெளியே இழுத்து, சீலை நெம்பி எடுத்தாக வேண்டும். வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது, வேலை செய்யாமல் விட்டால் வெளியே தெரியாத இடமும் அதுவே.

காலையில் விட்ட வண்டியை மாலையில் எடுத்தோம். சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்கள். மூடியைத் திறந்து, புத்தம் புதிய சிவப்பு கிரீஸையும் காட்டினார்கள். பழைய பேரிங்குகள் எங்கே என்று என் அண்ணன் கேட்டபோது, அவை அப்போதே பழைய இரும்புக்குப் போய்விட்டன என்றார் பட்டறைக்காரர். ரசீது என்று கொடுத்தது எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு வெள்ளைத் தாள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, பேரிங்கின் எண்ணும் இல்லை. 'பேரிங் 4, சீல் 2' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது.

மண்டல காலத்தில் நெரிசலைக் குறைப்பதற்காக வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக மேலே அனுப்பி, குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கும் பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் நடுவே நாங்களும் பாத்திரங்களுடன் இறங்கிக்கொண்டிருந்தோம். மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குவது கண்ணில் படுகிற இடத்துக்கு வருவதற்குள், வலது பக்கச் சக்கரத்திலிருந்து அரைக்கும் ஓசையும் கருகிய கிரீஸ் வாடையும் வரத் தொடங்கிவிட்டன. பாதை ஓரமாக நிறுத்த இடமில்லாததால், மிக மெதுவாக உருட்டிக்கொண்டு மலையடிவாரத்து லோயர் கேம்ப் வந்து நிறுத்தினோம். இடது ஹப்பில் கையை வைக்க முடிந்தது. வலது ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்ததால் வந்த சூடாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் சுட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் இப்படிக் கொதித்தால் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சக்கரமும் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. இன்னும் சில வளைவுகள் இறங்கியிருந்தால் அது கழன்று பின்னால் வந்த ஐயப்ப பக்தர்களின் வேன் மீது போயிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை உறங்க விடுவதில்லை.

கூடலூரிலிருந்து வந்த மெக்கானிக் ஜாக்கி வைத்து ஹப்பைத் திறந்தபோது நாங்கள் அனைவரும் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்தோம். முதலில் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய துளையில் வளைத்துச் செருகிய ஒரு துண்டு கட்டுக்கம்பி வந்தது. நட்டை அசைக்க ஸ்பேனரின் பிடியில் குழாய் மாட்டி இழுக்க வேண்டியிருந்தது; அத்தனை இறுக்கம். வெளிப் பேரிங் புதியதுதான், ஆனால் அதன் வளையத்தில் தயாரித்தவர் பெயர் எதுவும் இல்லை. அதைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பு கிரீஸ். ஹப்பை இழுத்ததும் அந்தச் சிவப்பு ஒரு கோடு கிழித்தாற்போல் நின்றுவிட, அதற்குப் பின்னால் முழுவதும் கருத்துக் கட்டிதட்டிய பழைய கிரீஸ் இருந்தது. உள் பேரிங்கின் உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்திருந்தது. உருளைகள் சில நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டன. சீலின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியே வந்த கிரீஸ் பிரேக் ஷூவில் கறுப்பாகப் பூசியிருந்தது. பேரிங்கின் உள் வளையம் அசையாத அச்சின் மேல் சுழன்றதில் அச்சு முனையும் வரிவரியாகக் கீறிப்போய்விட்டது. "தம்பி, இந்த உள்பக்கத்த யாரும் தொட்டே பாக்கலப்பா" என்றார் அந்த மெக்கானிக். இடது பக்கத்தையும் திறக்கச் சொன்னோம். அங்கேயும் உள்ளே பழைய பேரிங்தான். மழையில் நின்றதால் ஏற்பட்ட துருப் புள்ளிகள் வளையத்தில் குழிகளாகத் தெரிந்தன.

மறுநாள் பட்டறைக்குச் சென்று படங்களைக் காட்டினோம். முதலில் ஓவர்லோடு ஏற்றினீர்கள் என்றார்கள். பிறகு, நடுவில் வேறு யாரோ பழைய பேரிங்கை மாட்டிவிட்டார்கள் என்றார்கள். கடைசியில், பேரிங் விலையை மட்டும் திருப்பித் தருவதாகவும் படங்களை யாருக்கும் அனுப்பக் கூடாது என்றும் பேசினார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சு முனை, புதிய பேரிங்குகள், பிரேக் ஷூ, வண்டியை எடுத்துவந்த செலவு ஆகியவற்றோடு, அன்றைய சமையலை வேறு ஆளிடம் ஒப்படைக்க நேர்ந்த இழப்பும் சேர்ந்தால், அவர்கள் தருவதாகச் சொன்ன தொகை ஒரு மூலைக்கும் வராது.

கூடலூர் மெக்கானிக் செய்து கொடுத்த வேலையை அருகிலிருந்து பார்த்ததால், சரியான முறை எது என்பதையும் எழுதிவிடுகிறேன். கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பழைய கிரீஸ் ஒரு துளியும் இல்லாமல் கழுவி, துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். காற்றுக் குழாயால் அடித்து அதைச் சுழல விடுவது பேரிங்கையும் கெடுக்கும், கையையும் பதம் பார்க்கும். குழி, நீலப் பூப்பு, துரு எது தெரிந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது ஹப்புக்குள் பதிந்திருக்கும் வெளி வளையத்தையும் சேர்த்துத் தட்டி எடுத்து மாற்ற வேண்டும். தேய்ந்த பழைய வளையத்தில் புதிய உருளைகளை ஓடவிட்டால் அவையும் விரைவில் கெடும். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுகிறார்கள். மேலே பூசுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சீல் ஒவ்வொரு முறையும் புதியதாகவே இருக்க வேண்டும். ஹப்பின் நடுக்குழியை கிரீஸால் நிரம்பத் திணிப்பதும், பழைய வகையோடு வேறு வகை கிரீஸைக் கலப்பதும் கூடாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி வழிந்துவிடும். கிரீஸ் கன்னால் நான்கு அடி அடித்துவிட்டால் கழற்றவே வேண்டாம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். அழுத்தம் மிகுந்தால் அந்த கிரீஸ் பின் சீலைத் தாண்டி நேராக பிரேக்குக்குத்தான் போகும், பேரிங்கின் தேய்மானமும் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நட்டை இறுக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங்குகள் சரியாக அமர்ந்ததும் முழுவதும் தளர்த்திவிட்டு, பிறகு விரலால் மட்டும் திருகி நிறுத்தி, அருகிலுள்ள வெட்டுக்கு நேராகத் துளை வரும்படி வைத்துப் புதிய ஸ்பிளிட் பின் போட்டார் அவர். அதன் பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிக மெல்லிய அசைவு மட்டுமே இருக்க வேண்டும். கடகடவென்று ஆடினாலும் தவறு, சுற்றவே இறுகினாலும் தவறு.

பேரிங் வாங்கும்போது பெட்டியை மட்டும் பார்க்காமல் வளையத்தில் பொறித்த பெயரையும் எண்ணையும் பாருங்கள். 32208 போன்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை 5ஆல் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் வரும். 08 என்றால் 40 மி.மீ. ரசீதில் அந்த எண்ணை எழுதித் தரச் சொன்னால், எது மாட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சியாகும். அமெரிக்காவில் பயண டிரெய்லர்களுக்கு அச்சு செய்யும் பெரிய தயாரிப்பாளர்கள் 12 மாதத்துக்கு ஒரு முறை அல்லது 12,000 மைலுக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். அது ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர். நம் டிரெய்லர்கள் அவ்வளவு தூரம் ஓடாமல் இருக்கலாம், ஆனால் மழையில் சும்மா நிற்பது பேரிங்குக்கு ஓட்டத்தைவிடக் கெடுதல். ஈரம் ஒரே இடத்தில் தேங்கி உருளையும் வளையமும் தொடுகிற கோட்டில் துருவைப் பிடிக்க வைக்கிறது. ஆகவே கிலோமீட்டரை எண்ணாமல் மழைக்காலத்தை எண்ணுங்கள்.

எல்லையில் இருப்பவர்கள் பலர், பட்டறை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில், எங்கே போய் வழக்குப் போடுவது என்று விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். எங்களுக்கு அது இடுக்கி. தொழிலுக்கான வண்டி என்பதால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று பட்டறைக்காரர் சொன்னார். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று அந்தச் சட்டமே விளக்குகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முறையான ரசீது தராததையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் வகைப்படுத்துகிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். உடைந்த பேரிங், வெடித்த சீல், கட்டுக்கம்பி, எஸ்டிமேட் தாள் அனைத்தையும் தேதி எழுதிப் பையில் கட்டி வைத்திருக்கிறோம். கழற்றும்போது எடுத்த படங்களோடு, கூடலூர் மெக்கானிக் கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பும் இருக்கிறது.

வழக்குக்குப் போகக்கூடிய நிலையில் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அண்மையில் எந்தப் பட்டறையிலாவது 'பேரிங் 4, சீல் 2' என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியவர்கள், அடுத்த முறை மலை இறங்கும் முன் ஜாக்கி வைத்து ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். வெளியே ஒரு நிறத்திலும் உள்ளே வேறு நிறத்திலும் கிரீஸ் இருந்தால், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, எதையும் துடைக்கும் முன் படம் எடுங்கள்.